எடைமேடைக் கணினியில் காம் போர்ட் மோதல்: ஐந்து வழிகளில் எது உங்களுக்கு?

புதுவயல் அரிசி ஆலைகளிலிருந்தும், காரைக்குடி நகைக்கடைகளிலிருந்தும், தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்து எடைமேடைகளிலிருந்தும் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, எடை ஏறிக்கிட்டு இருக்கும்போதே மவுஸ் நின்னு போகுது." இல்லையென்றால், "ரெண்டாவது தராசு மாட்டுனதுலேருந்து முதல் தராசு பேசமாட்டேங்குது." கூடவே ஒரு சந்தேகமும் வரும்: யூஎஸ்பி வயர் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா, புது போர்ட் அட்டை போட வேண்டுமா, கணினிப் பெட்டியையே மாற்ற வேண்டுமா?

இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் விண்டோஸ் 98-இலோ, அதற்கு முந்தைய வெறும் டாஸிலோ ஓடுபவை; சில எக்ஸ்பியில் ஓடும். ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் போன்ற பழைய தரவுத்தள மொழியில் யாரோ எழுதிக் கொடுத்த நிரல் அதில் இருக்கும். கொள்முதல் கணக்கு முழுக்க அதற்குள் இருக்கும். கணக்கப்பிள்ளைக்கு ஒவ்வொரு விசையும் கை மனப்பாடம். அறுவடைக் காலத்தில் நெல் லாரிகள் வரிசையில் நிற்கும்போது புது நிரலுக்கு மாற யாராலும் முடியாது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

## மோதல் எங்கே நடக்கிறது

தராசு, மவுஸ் போன்றவற்றைச் செருகும் சீரியல் போர்ட்டைத்தான் காம் போர்ட் என்கிறோம். ஒவ்வொரு சீரியல் போர்ட்டுக்கும் இரண்டு பொருள் தேவை. ஒன்று முகவரி, நிரல் அங்கே போய்த்தான் எழுத்துகளை எடுக்கும். இன்னொன்று ஐஆர்க்யூ, "எழுத்து வந்திருக்கிறது, வந்து எடு" என்று போர்ட் செயலியைக் கூப்பிடும் தடம். ஐபிஎம் காலத்திலிருந்து வழக்கம் இது:

| போர்ட் | முகவரி | ஐஆர்க்யூ |
|---|---|---|
| காம் 1 | 3எஃப்8 | 4 |
| காம் 2 | 2எஃப்8 | 3 |
| காம் 3 | 3இ8 | 4 |
| காம் 4 | 2இ8 | 3 |

முகவரி நான்கு, தடம் இரண்டுதான். நம் செட்டிநாட்டு வளவு வீட்டில் புள்ளிக்கு, அதாவது ஒவ்வொரு தம்பதிக்கும், ஒரு அறை தனியாக இருந்தாலும் வாசலில் மணி ஒன்றே ஒன்று இருப்பது போலத்தான் இதுவும்: மணி அடித்தால் எந்த அறைக்காரரைத் தேடி வந்தார்கள் என்று தெரியாது. காம் 1-இல் மவுஸ், காம் 3-இல் தராசு என்றால் இரண்டுக்கும் ஐஆர்க்யூ 4. ஒன்று ஓடும்போது மற்றது சும்மா இருந்தால் தொந்தரவு இல்லை. இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒன்று நிற்கும், அல்லது பெட்டியே உறைந்துவிடும்.

அட்டை செருகும் ஸ்லாட் பழைய ஐஎஸ்ஏ வகையாக உள்ள பெட்டிகளில் இந்தத் தடத்தைப் பொதுவாகப் பகிர முடியாது. அங்கே மின்னழுத்தம் ஏறும் கணத்தைத்தான் செயலி கவனிக்கும். ஒரு அட்டை ஏற்கெனவே தடத்தை உயர்த்திப் பிடித்திருந்தால் இன்னொன்று உயர்த்துவது தெரியாமலே போகும். பிசிஐ என்ற புது வகை ஸ்லாட் வந்தபிறகு அழுத்தம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையே பார்ப்பதால் பகிர்வது சாத்தியமானது. கீழே வரும் வழிகளில் பாதி வித்தியாசம் இந்த ஒன்றில்தான் பிறக்கிறது.

## மோதல்தானா என்று முதலில் பாருங்கள்

திரையில் எழுத்துக்குப் பதிலாகக் கிறுக்கல் வந்தால் அது மோதல் இல்லை. தராசின் பாட் வேகமும் (எழுத்துகளை அனுப்பும் வேகம்) நிரலின் வேகமும் பொருந்தவில்லை. எதுவுமே வராவிட்டால் வயரைச் சந்தேகியுங்கள். தராசைக் கழற்றிவிட்டு, போர்ட்டின் 9 முள் கனெக்டரில் 2-ஆம் முள்ளையும் 3-ஆம் முள்ளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, விண்டோஸோடு வரும் ஹைப்பர்டெர்மினல் நிரலில் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிட்டு ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் திரும்பி வந்தால் போர்ட் நலம். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் இல்லை. அட்டை வாங்கப் போகும் முன் எல்லாரும் செய்ய வேண்டியது.

விண்டோஸ் 2000, எக்ஸ்பி பெட்டிகளில் இன்னொரு சங்கதி உண்டு. தராசு ஓயாமல் எடையை அனுப்பிக்கொண்டிருக்கும்போது பெட்டியைப் போட்டால், விண்டோஸ் அதை "சீரியல் பால்பாயின்ட்" என்ற மவுஸ் என்று எடுத்துக்கொள்ளும். சுட்டி திரையெங்கும் தாவும், தானாகக் கிளிக் ஆகும். வைரஸ் என்று நினைத்துப் பலர் பெட்டியை ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பொய் மவுஸை டிசேபிள் செய்தால் போதும். டெலீட் செய்தால் அடுத்த முறை திரும்பவும் வந்து நிற்கும்.

உண்மையான மோதலின் அடையாளம் வேறு: ஒரு சாதனத்தைத் தொடும்வரை இன்னொன்று ஒழுங்காக வேலை செய்யும். விண்டோஸ் 98-இல் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கும். ரிசோர்ஸஸ் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் யாரோடு மோதல் என்று பெயரோடு எழுதியிருக்கும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

விலை கடைசியில் பார்க்க வேண்டியது. எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, உங்கள் நிரல் போர்ட்டை எப்படித் தொடுகிறது என்பதுதான். விண்டோஸ் நிரல் என்றால் அது விண்டோஸிடம் "காம் 5-ஐத் திற" என்று கேட்கும். எந்த முகவரி, எந்த ஐஆர்க்யூ என்று அதற்குக் கவலை இல்லை. டாஸ் நிரல் பெரும்பாலும் அப்படி இல்லை. 3எஃப்8 முகவரிக்கு நேராகப் போய்க் கை வைக்கும், ஐஆர்க்யூ 4-இல் காத்திருக்கும். நிரலின் செட்டப் திரையைத் திறந்து பாருங்கள். முகவரியும் ஐஆர்க்யூவும் தனித்தனியாகக் கேட்டால் நல்ல காலம். பல வழிகள் திறந்திருக்கின்றன. காம் 1, காம் 2 என்று மட்டும் கேட்டால், மேலே உள்ள அட்டவணைக்கு வெளியே அது போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எத்தனை சாதனம் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். இரண்டு என்றால் காம் 1-உம் காம் 2-உம் போதும். மூன்றாவது வரும்போதுதான் சிக்கல்.

பெட்டிக்குள் என்ன இடம் இருக்கிறது என்பது மூன்றாவது. ஐஎஸ்ஏ ஸ்லாட் கறுப்பாக நீளமாக இருக்கும், பிசிஐ வெள்ளையாகக் குட்டையாக இருக்கும். 2000-க்குப் பின் வந்த மதர்போர்டுகளில் ஐஎஸ்ஏ அநேகமாகக் கிடையாது.

நாளைக்கு யார் பார்ப்பார்கள் என்பது நான்காவது. ஆலையில் கணினி தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், ஒரு முறை செய்தால் அப்படியே நிற்கும் வழிக்குத்தான் மதிப்பு அதிகம்.

தராசு இண்டிகேட்டரின் (எடை காட்டும் பெட்டி) முத்திரையைத் தொட வேண்டிய எந்த வழியையும் இங்கே சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எடையளவு முத்திரை தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. கணினிக்காக அந்த முத்திரையை உடைக்க வேண்டாம்.

## வழி 1: பயாஸில் மாற்றுவது

பயாஸ் என்பது பெட்டி எழும்போது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரல். அவார்டு நிறுவனத்தின் பயாஸ் என்றால் "இன்டக்ரேட்டட் பெரிஃபெரல்ஸ்" பக்கத்தில் ஆன்போர்டு சீரியல் போர்ட் 1, 2 என்று இருக்கும். ஆட்டோ என்று இருப்பதை எடுத்துவிட்டு 3எஃப்8/ஐஆர்க்யூ 4, 2எஃப்8/ஐஆர்க்யூ 3 என்று கையால் வையுங்கள். உள்ளே பழைய ஐஎஸ்ஏ அட்டை ஏதாவது இருந்தால் பிஎன்பி/பிசிஐ பக்கத்தில் அந்த அட்டையின் ஐஆர்க்யூவை "லெகசி ஐஎஸ்ஏ" என்று ஒதுக்குங்கள். அப்புறம் பயாஸ் அதை வேறு அட்டைக்குக் கொடுக்காது.

நிறைய மோதல்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். காசு செலவில்லை, டாஸ் நிரலுக்கும் விண்டோஸ் நிரலுக்கும் பொருந்தும். ஆனால் பலர் இதை விட்டு நேராக டிவைஸ் மேனேஜருக்குப் போய், அங்கே "ஆட்டோமேட்டிக் செட்டிங்ஸ்" டிக்கை எடுத்துவிட்டு எண்ணை மாற்றுகிறார்கள். மதர்போர்டோடு பிறந்த போர்ட்டுக்கு அது நல்லதல்ல. பயாஸ் ஒன்று சொல்ல விண்டோஸ் வேறொன்று சொல்லும். புது மோதல் பிறக்கும். பயாஸில் மாற்றிவிட்டு விண்டோஸை ஆட்டோவில் விடுங்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி. அது தீர்ந்துபோனால், மின்சாரம் போய்த் திரும்பி வரும் நாளில் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து பழைய நிலைக்குப் போகும்; மோதலும் கூடவே திரும்பும். ஆகவே இந்த வழியைத் தேர்ந்தால் பேட்டரியையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது போர்ட் எண்களில் வரும் குழப்பம். பெட்டி எழும்போது பயாஸ் 3எஃப்8, 2எஃப்8, 3இ8, 2இ8 என்ற வரிசையில் தேடி, கிடைத்ததை இடைவெளி விடாமல் பட்டியலிடும். முதல் போர்ட்டை நீங்கள் அணைத்துவிட்டால் 2எஃப்8-இல் இருப்பது டாஸுக்குக் காம் 1 ஆகிவிடும். விண்டோஸோ அதைக் காம் 2 என்றே சொல்லும். நேராக முகவரியைத் தொடும் நிரலுக்கு இது பொருட்டில்லை. பயாஸ் வழியாகக் கேட்கும் நிரல் தப்பான போர்ட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

காம் 4-ஐத் தேர்ந்தால் இன்னொரு கவனம் வேண்டும். எஸ்3 வகை டிஸ்ப்ளே அட்டைகள் 2இ8-ஓடு மோதும் முகவரிகளைப் பயன்படுத்துபவை. அந்த அட்டை இருக்கும் பெட்டியில் காம் 4 பக்கமே போக வேண்டாம்.

## வழி 2: இடம் பிடித்திருப்பவரை வெளியே அனுப்புவது

என் முதல் பரிந்துரை எப்போதும் இதுதான், வழி 1-ஓடு சேர்த்து. தராசை நகர்த்தாதீர்கள்; மற்றதை நகர்த்துங்கள். தராசின் நிரல் பிடிவாதமானது, மவுஸ் அப்படி இல்லை.

சீரியல் மவுஸை எடுத்துவிட்டு பிஎஸ்/2 மவுஸ் போட்டால் அது ஐஆர்க்யூ 12-க்குப் போய்விடும். ஒரு முழு காம் போர்ட்டும் அதன் தடமும் விடுதலை. மவுஸோடு வரும் பச்சை அடாப்டரை வைத்து பழைய சீரியல் மவுஸையே பிஎஸ்/2 துளையில் செருகலாம் என்று நம்பாதீர்கள். இரண்டு மொழியும் தெரிந்த மவுஸில் மட்டுமே அது வேலை செய்யும். மதர்போர்டில் பிஎஸ்/2 துளையே இல்லாத பழைய ஏடி வகைப் பெட்டிகளில் இந்தப் பேச்சு இல்லை.

அடுத்தது உள்மோடம். டயல்அப் போட்டு இணையம் பார்த்த காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் மோடம் அட்டை உள்ளேயே உட்கார்ந்து காம் 3-ஐயும் ஐஆர்க்யூ 4-ஐயும் பிடித்துக்கொண்டிருக்கிறது. திறந்து கழற்றிவிடுங்கள். ஒலி அட்டையையும் பாருங்கள்: சவுண்ட் பிளாஸ்டர் வகை அட்டைகள் வழக்கமாக ஐஆர்க்யூ 5-ஐ எடுப்பவை. எடைமேடையில் பாட்டு வேண்டாம் என்றால் அந்த 5 உங்களுக்குக் கிடைக்கும், அடுத்த வழிக்கு அது பயன்படும்.

இதில் மறைமுகச் செலவு என்று பெரிதாக எதுவும் இல்லை. உண்மையிலேயே மூன்று சீரியல் சாதனம் ஒரே நேரத்தில் ஓட வேண்டிய இடத்தில் மட்டும் இது போதாது: நகைக்கடையில் தராசு, பார்கோடு ஸ்கேனர், வாடிக்கையாளர் டிஸ்ப்ளே மூன்றும் வேண்டும் என்பது போல.

## வழி 3: ஜம்பர் வைத்த ஐஎஸ்ஏ அட்டை

மூன்று சாதனம், பிடிவாதமான டாஸ் நிரல், கறுப்பு ஸ்லாட் காலி. இந்த மூன்றும் சேர்ந்தால் இதை மிஞ்சிய வழி இல்லை. பல போர்ட் உள்ள மல்டி ஐ/ஓ அட்டையில், முள்களை இணைக்கும் சிறு ஜம்பர்களை மாற்றி மாற்றிச் செருகி முகவரியையும் ஐஆர்க்யூவையும் தனித்தனியாக வைக்கலாம். 3இ8 முகவரி, ஐஆர்க்யூ 5 என்று வைத்தால் காம் 1-ஓடு சண்டை இல்லை. ஜம்பருக்கு மறதி கிடையாது. பேட்டரி தீர்ந்தாலும் அது சொன்ன இடத்தில் நிற்கும்.

வாங்கும்போது அட்டையின் அடிப்பகுதியைப் பாருங்கள். தங்கப் பற்கள் ஒரே துண்டாக இருந்தால் 8 பிட் அட்டை. ஐஆர்க்யூ 7 வரைதான் அதற்கு எட்டும். இரண்டு துண்டாக இருந்தால் 10, 11 போன்றவையும் கிடைக்க வழி உண்டு. சில்லில் 16550 என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். 9600 பாட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 960 எழுத்துகள் வரும். பழைய 8250, 16450 சில்லுகள் ஒரே ஒரு எழுத்தைத்தான் பிடித்து வைக்கும், அடுத்தது வருவதற்குள் எடுக்காவிட்டால் போச்சு. 16550ஏ-இல் 16 எழுத்துக்கு இடம் உண்டு. பிரிண்டர் சீட்டு அடிக்கும்போது எடையில் ஒரு இலக்கம் காணாமல் போகும் பெட்டிகளில் காரணம் பல நேரம் இந்தச் சில்லுதான்.

செலவு அட்டையின் விலையில் இல்லை, தேடுவதில்தான் இருக்கிறது. புதிதாகக் கிடைக்காது. பல்லவன் பிடித்துச் சென்னை போய் ரிச்சி தெருவில் அலைய வேண்டும், அல்லது பழைய பெட்டி எடைக்குப் போடும் கடைகளில் கேட்டு வைக்க வேண்டும். ஜம்பர் விவரம் அட்டையிலேயே அச்சாகி இருந்தால் மட்டும் வாங்குங்கள். கையேடு இல்லாத அட்டையில் எந்த ஜம்பர் எதற்கு என்று ஊகித்துக்கொண்டிருக்க முடியாது. அரிசி ஆலைத் தவிட்டுத் தூசியில் பழைய ஸ்லாட் பற்கள் மங்கிப்போகும், மாட்டும் முன் துடையுங்கள். கிடைத்தால் இரண்டாக வாங்கி ஒன்றை எடுத்து வையுங்கள்.

## வழி 4: பிசிஐ சீரியல் அட்டை

விண்டோஸ் நிரல் வைத்திருப்பவருக்கு இது சுத்தமான வழி. கடையில் கிடைக்கிறது, ஐஆர்க்யூவைப் பகிர்ந்துகொள்ளும், டிரைவர் போட்டால் காம் 3, காம் 4 என்று வந்து நிற்கும்.

டாஸ் நிரலுக்கு வாங்காதீர்கள். பிசிஐ அட்டைக்கு முகவரியைப் பெட்டிதான் கொடுக்கிறது. அது 3இ8 ஆக இருக்காது, எங்கோ மேலே இருக்கும். முகவரியைத் தட்டச்சு செய்ய இடம் தரும் நிரல் என்றால் மட்டும் முயலலாம். அப்போதும் வேறொரு அட்டையைச் சேர்த்தாலோ ஸ்லாட் மாற்றினாலோ முகவரி மாறக்கூடும். விண்டோஸ் 98-க்கான டிரைவர் குறுந்தகட்டில் இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

## வழி 5: யூஎஸ்பி சீரியல் வயர்

எல்லாரும் முதலில் கேட்பது இது, விலையும் குறைவு. ஐஆர்க்யூ மோதலே இதில் இல்லை. ஆனால் இந்தப் பெட்டிகளில் ஏமாற்றம் தருவதும் அதிகம் இதுதான், காரணம் வயரின் குறை இல்லை. இந்த வயருக்கு 3எஃப்8 போன்ற முகவரியே கிடையாது. அது டிரைவர் உருவாக்கும் போர்ட். வெறும் டாஸில் அதைக் காண முடியாது. விண்டோஸ் 95-இன் முதல் பதிப்புக்கு யூஎஸ்பியே தெரியாது. 98-க்கு டிரைவரின் பழைய பதிப்புகளைத் தேட வேண்டும்.

எக்ஸ்பியில் நிலைமை கொஞ்சம் மேல். அங்கே டாஸ் நிரல் போர்ட்டை நேரே தொட முயன்றால் விண்டோஸ் குறுக்கே புகுந்து, பழைய போர்ட் போலவே பதில் சொல்லும். டிவைஸ் மேனேஜரில் வயருக்குக் காம் 1 அல்லது காம் 2 என்று எண் கொடுத்தால் பல நிரல்கள் ஓடிவிடும். புதிய 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் நிரலே ஓடாது. டாஸ் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரலைப் போட்டு, அதன் கான்ஃபிக் கோப்பில் சீரியல் போர்ட்டை உண்மையான போர்ட்டோடு இணைக்க வேண்டியிருக்கும். முடியும், ஆனால் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகப் பிறந்தது. கொள்முதல் கணக்கை அதில் ஓட்டுவதென்றால் தினமும் நகல் எடுக்க வேண்டும்.

மறைந்த செலவுகளைச் சொல்கிறேன். பிஎல்2303, சிஎச்340 சில்லு வைத்த வயர்களை வேறு யூஎஸ்பி துளையில் மாற்றிச் செருகினால் காம் எண் மாறிவிடும். பெருக்கிவிட்டு யாராவது மாற்றிச் செருகினால் காலையில் தராசு பேசாது. எஃப்டிடிஐ நிறுவனத்தின் சில்லில் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை எண் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதில் போலி அதிகம்: 2014-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட ஒரு விண்டோஸ் டிரைவர் போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியமாக்கி அவற்றை முடக்கியது. பழைய பிஎல்2303 வயர்களைப் புது டிரைவர் "கோட் 10" என்று சொல்லி ஏற்க மறுப்பதும் உண்டு. எஃப்டிடிஐ டிரைவர் சிறு தரவுகளை 16 மில்லிநொடி வரை பிடித்து வைத்துத்தான் கொடுக்கும். தராசிடம் கேட்டுவிட்டு உடனே பதில் எதிர்பார்க்கும் நிரல் தடுமாறினால், டிரைவரின் அட்வான்ஸ்டு பக்கத்தில் லேட்டன்சி டைமரைக் குறையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | டாஸ் நிரல் | விண்டோஸ் நிரல் | மூன்று சாதனம் ஒரே நேரம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| பயாஸ் மாற்றம் | ஆம் | ஆம் | இல்லை | பேட்டரி, போர்ட் எண் குழப்பம் |
| மவுஸ், மோடம் நீக்கம் | ஆம் | ஆம் | மூன்றாவது சாதனம் மவுஸ் என்றால் ஆம் | பிஎஸ்/2 துளை வேண்டும் |
| ஐஎஸ்ஏ அட்டை | ஆம், ஐஆர்க்யூ கேட்கும் நிரல் என்றால் | ஆம் | ஆம் | தேடல், ஜம்பர் விவரம் |
| பிசிஐ அட்டை | அநேகமாக இல்லை | ஆம் | ஆம் | டிரைவர் |
| யூஎஸ்பி வயர் | எக்ஸ்பியில் பெரும்பாலும் | ஆம் | ஆம் | போலிச் சில்லு, எண் மாறுவது |

## யாருக்கு எது

எடைமேடை, ஒரே தராசு, டாஸ் நிரல் என்றால் வழி 1-உம் 2-உம் போதும். தராசுக்குக் காம் 1-ஐக் கொடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். மவுஸ் இல்லாமலே ஓடும் நிரல் என்றால் மவுஸையும் கழற்றலாம்.

இரண்டு தராசு, கூட ஒரு டிஸ்ப்ளே, டாஸ் நிரல் என்றால் ஐஎஸ்ஏ அட்டை. நிரல் ஐஆர்க்யூ 5-ஐ ஏற்குமா என்று எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுவிட்டுத் தேடப் போங்கள். ஏற்காது என்றால் அட்டையில் ஐஆர்க்யூ 5 வைத்துப் பயன் இல்லை. மூன்றில் எது ஒரே நேரத்தில் தேவையில்லையோ அதை இன்னொன்றோடு ஐஆர்க்யூ பகிர விடுவதுதான் மிச்சம்.

எக்ஸ்பியில் விண்டோஸ் நிரல் ஓடும் நகைக்கடைக்கு, பிசிஐ ஸ்லாட் காலி இருந்தால் அட்டை, இல்லாவிட்டால் நல்ல எஃப்டிடிஐ வயர். நான் அட்டையைத்தான் சொல்வேன். அதை யாரும் பிடுங்கி வேறு துளையில் செருகப் போவதில்லை.

பெட்டியே தள்ளாடுகிறது, ஹார்டு டிஸ்க் கடகடக்கிறது என்றால் மோதலுக்கு மருந்து தேடிப் பயனில்லை. அறுவடை முடிந்த மாதத்தில் புதுப் பெட்டிக்கு மாறுங்கள். பின்பக்கத்தில் சீரியல் போர்ட்டோ, மதர்போர்டில் அதற்கான முள் வரிசையோ உள்ள மாடல்கள் இன்னும் வருகின்றன, கேட்டு வாங்குங்கள்.

எந்த வழியானாலும் கை வைக்கும் முன் டேட்டா ஃபோல்டரை முழுதாக நகல் எடுங்கள். பயாஸ் பக்கங்களையும் டிவைஸ் மேனேஜரின் ரிசோர்ஸஸ் பக்கங்களையும் போனில் படம் பிடியுங்கள். தராசின் வயரைச் செருகுவதும் பிடுங்குவதும் இரண்டு பக்கமும் மின்சாரத்தை அணைத்த பிறகுதான். எர்த் சரியில்லாத இடங்களில் அந்த ஒரு தொடுதலில் போர்ட்டின் சில்லு கருகிப்போகும். எந்தப் போர்ட்டில் எந்தச் சாதனம், எந்த முகவரி, எந்த ஐஆர்க்யூ, எந்த பாட் வேகம் என்பதை ஒரு தாளில் எழுதி, பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.